கட்டுப்பாடு இல்லன்னா மனுஷன் அடிச்சிக்குவான், அப்புறம் எதுக்கு சுதந்திரம்?

தம்பி கேட்ட கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், நடுவுல வந்து படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. ராத்திரி 11 மணிக்கு மெட்ராஸ் மத்திய கைலாஷ் சிக்னல்ல போலீஸ் இல்லன்னா சிவப்பு லைட்டுக்கு ஒருத்தனும் நிக்கறதில்ல, பயம் இருந்தாதான் மனுஷன் ஒழுங்கா இருப்பான், அதான் அவன் இயல்பு, அப்படிப்பட்டவனுக்கு சுதந்திரம் சுதந்திரம்னு தத்துவவாதிங்க பக்கம் பக்கமா எழுதினதெல்லாம் வெட்டிப்பேச்சு தானே, நல்ல ஸ்ட்ரிக்ட்டான ஆள் ஒருத்தர் மேல உக்காந்தா போதாதா. இதான் கேள்வி.

நல்ல கேள்விதான், கிண்டலுக்கு சொல்லல. இந்த சப்ஜெக்ட்டை காலேஜ்ல பல வருஷம் எடுத்திருக்கேன், ஒவ்வொரு பேட்ச்லயும் கடைசி பெஞ்ச்லேருந்து யாராவது ஒருத்தர் இதே கேள்விய கேட்டுருவாங்க. ஆனா இதுல ரெண்டு கேள்வி ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு இருக்கு. சுதந்திரம்னா என்னன்றது ஒண்ணு, மனுஷன் எப்படிப்பட்டவன்றது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு பதில் சொன்ன எல்லாருமே ரெண்டாவதுக்கு ஒரு பதிலை சட்டைப்பைல வெச்சிக்கிட்டுதான் பேசியிருக்காங்க, அந்த பைய தடவிப் பாத்தா போதும், அவர் ஏன் அப்படி சொன்னாருன்னு பாதி புரிஞ்சிடும்.

உங்க சிக்னல் வாதத்துக்கு ஒரிஜினல் சொந்தக்காரர் தாமஸ் ஹாப்ஸ்ன்ற இங்கிலாந்து தத்துவவாதி. 1588ல பொறந்தவர், ஸ்பெயின்காரன் கப்பல் படையோட வர்றான்னு இங்கிலாந்தே நடுங்கிட்டிருந்த வருஷம் அது, எங்கம்மா என்னையும் பயத்தையும் ரெட்டையா பெத்தாங்கன்னு வயசான காலத்துல அவரே எழுதி வெச்சிருக்காரு. 1642ல அங்க ராஜாவுக்கும் பார்லிமெண்ட்டுக்கும் உள்நாட்டுப் போர் ஆரம்பிக்குது, 1649ல ராஜா தலையவே வெட்டிட்டாங்க, இவர் அந்த சமயத்துல பாரிஸ்ல ஒதுங்கி இருந்து ‘லெவயதான்’ எழுதறாரு, 1651ல வருது. மேல அதிகாரம்னு ஒண்ணு இல்லாத எடத்துல மனுஷ வாழ்க்கை தனிமையா, வறுமையா, கேவலமா, மிருகத்தனமா, அல்பாயுசா முடியும்னு சொன்ன ஆள் இவர்தான். நிறைய பேர் இதை மனுஷன் கெட்டவன்னு சொல்றாருன்னு படிச்சிட்டு போயிடுவாங்க, அப்படி இல்ல. அவர் சொல்றது எல்லாரும் கிட்டத்தட்ட சமம்னு. எவ்வளவு பெரிய பலசாலியும் ராத்திரி தூங்கித்தானே ஆகணும், அப்போ நோஞ்சான் கூட அவனை முடிச்சிடலாம், அதனால எல்லாருக்கும் எல்லார் மேலயும் பயம், அந்த பயத்துல முந்திக்கிட்டு அடிக்கறவன் கெட்டவனா இருக்கணும்னு அவசியமே இல்ல. இதை நம்பாதவங்களுக்குன்னு ஒரு கேள்வி கேப்பாரு பாருங்க, பிரமாதமா இருக்கும்: நாட்டுல சட்டம் இருக்கு, காவல் இருக்கு, அப்பவும் தூங்கும்போது கதவ தாழ்ப்பா போடறீங்க, வீட்டுக்குள்ளயே பெட்டிய பூட்டி வெக்கறீங்க, அப்போ உங்க ஊர்க்காரங்க மேலயும் உங்க புள்ளைங்க, வேலைக்காரங்க மேலயும் உங்களுக்கு என்ன அபிப்பிராயம்? பீரோ சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு தூங்கின நம்ம பாட்டிங்க யாரும் இதுக்கு பதில் சொல்ல முடியாது.

சரி, இவ்வளவு பயந்த மனுஷன் சுதந்திரத்தை எப்படி பாப்பார்னு நெனைக்கிறீங்க, ரொம்ப சின்னதாத்தான். வெளிலேருந்து தடை இல்லன்னா சுதந்திரம், அவ்வளவுதான். வாய்க்கால்ல தண்ணி ஓடுதே அது மாதிரி. பயமும் சுதந்திரமும் ஒண்ணா இருக்கலாம்னு வேற சொல்றாரு, கப்பல் முழுகிடும்னு பயந்து சரக்கை கடல்ல தள்றவன் சுதந்திரமாத்தான் தள்றான்னு. இந்தக் கணக்குப்படி பாத்தா ராத்திரி பீச் ரோட்டுல கத்திய காட்டி பர்ஸ கேட்டா நீங்க குடுக்கறதும் சுதந்திரமான செயல்தான், குடுக்காம சாகற ஆப்ஷனும் இருந்துதே. இந்த எடத்துலதான் எனக்கு ஹாப்ஸோட சண்டை, பின்னாடி சொல்றேன்.

அதுக்கு முன்னாடி 2015 டிசம்பர், மெட்ராஸ் வெள்ளம். அப்போ நீங்க ஸ்கூல் படிச்சிட்டிருப்பீங்க. கரண்ட் இல்ல, செல்போன் டவர் இல்ல, கோட்டூர்புரத்துல அடையாத்து தண்ணி வீட்டுக்குள்ள, ரெண்டு மூணு நாளைக்கு அரசாங்கம்னு ஒண்ணு பல தெருவுல கண்ணுக்கே தெரியல. ஹாப்ஸ் சொன்ன நிலைமை கிட்டத்தட்ட அப்படியே வந்துடிச்சு. என்ன நடந்துது? குப்பத்து மீனவங்க படகை லாரில ஏத்திட்டு வந்து முன்பின் தெரியாத ஆளுங்கள மாடிலேருந்து எறக்கினாங்க, பள்ளிவாசல்லயும் கோயில்லயும் கல்யாண மண்டபத்துலயும் யாரு என்னன்னு கேக்காம சோறு போட்டாங்க. அதே நாள்ல அதே ஊர்ல பால் பாக்கெட்டை அநியாய வெலைக்கு வித்தவனும் இருந்தான். ரெண்டும் மனுஷன்தான், சொல்லப்போனா சில எடத்துல ஒரே ஆளாக்கூட இருந்திருக்கலாம். போலீஸ் இல்லாதப்ப மனுஷன் என்ன பண்ணுவான்னு கேட்டா, பக்கத்துல இருக்கறவன் என்ன பண்றான்னு பாத்துட்டு பண்ணுவான்னுதான் நான் சொல்வேன். இதை கொஞ்சம் ஞாபகம் வெச்சிக்கோங்க.

ஸ்ட்ரிக்ட்டான ஆளை உக்கார வெக்கறதுல இன்னொரு பெரிய ஓட்டை இருக்கு, அதை ஜான் லாக்ன்ற இன்னொரு இங்கிலாந்து தத்துவவாதி 1689லயே கண்டுபிடிச்சிட்டாரு. மனுஷனை நம்ப முடியாதுன்னா மேல உக்கார்றவனும் மனுஷன்தானே, அவன் என்ன மேலேருந்து குதிச்சானா. மரநாய்க்கும் நரிக்கும் பயந்துக்கிட்டு சிங்கத்துக்கிட்ட போய் மாட்டிக்கறது பாதுகாப்புன்னு நெனைக்கற அளவுக்கு மனுஷன் முட்டாளான்னு கேப்பாரு. (இதே லாக் அடிமை வியாபாரம் பண்ணின கம்பெனில பணம் போட்டிருந்தாரு, அதையும் சொல்லிடணும், இல்லன்னா நேர்மையா இருக்காது.) பிரெஞ்சுல எழுதின தத்துவவாதி ரூசோ 1762ல மனுஷன் சுதந்திரமா பொறக்கறான், ஆனா எங்க பாத்தாலும் சங்கிலிலதான் இருக்கான்னு ஆரம்பிச்சி, கெட்டது மனுஷன் இல்ல சமூகம்தான்னாரு, அதோட நிறுத்தியிருக்கலாம், பொதுச் சித்தத்துக்கு, அதாவது எல்லாருக்கும் பொதுவான நல்லதை நாடற விருப்பத்துக்கு, கீழ்ப்படியாதவனை சுதந்திரமா இருக்கச் சொல்லி கட்டாயப்படுத்தலாம்னும் எழுதிட்டாரு. கட்டாயப்படுத்தி சுதந்திரம்! இதை கிளாஸ்ல சொன்னா பசங்க சிரிப்பாங்க, ஆனா உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்னு அடிச்சி இன்ஜினியரிங் சேத்துவிட்ட அப்பாவுக்கெல்லாம் ரூசோ யாருன்னே தெரியாமயே அந்த வரி அத்துப்படி.

இங்க தமிழ்ல ஒரு விஷயம் கவனிங்க, எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இது. நம்மகிட்ட விடுதலைன்னு ஒரு வார்த்தை இருக்கு, சுதந்திரம்னு ஒண்ணு இருக்கு. விடுதலைல விடு இருக்கு, எதுலேருந்தோ விடுபடறது, ஜெயில்லேருந்து விடுதலை, கடன்லேருந்து விடுதலை. சுதந்திரம் சமஸ்கிருதத்துலேருந்து வந்தது, ஸ்வ தந்திரம், தன்னைத் தானே நடத்திக்கறது. ஐசையா பெர்லின்னு ஒருத்தர் 1958 அக்டோபர் 31 அன்னிக்கு ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு லெக்சர் குடுத்தாரு, சுதந்திரத்துல ரெண்டு வகை இருக்கு, என்னை யாரும் தடுக்காம இருக்கறது ஒண்ணு, என்னை நானே ஆளறது இன்னொண்ணுன்னு, அரசியல் தத்துவத்துல எல்லாரும் இன்னிக்கு வரைக்கும் அதை வெச்சி சண்டை போட்டுட்டிருக்காங்க. கிட்டத்தட்ட அதே பிரிவை தமிழ்ல ரெண்டு வார்த்தையா வெச்சிட்டு அதை கவனிக்காம பேசிட்டிருக்கோம். மூணாவதா ஒண்ணும் இருக்கு, வீடு. அறம் பொருள் இன்பம் வீடுன்னு சொல்றோமே, அந்த வீடும் விடுங்கறதுலேருந்துதான் வருது, பிறவிலேருந்து விடுபடறது. குடியிருக்கற வீட்டுக்கும் மோட்சத்துக்கும் ஒரே பேரு. மெட்ராஸ்ல வாடகைக்கு வீடு தேடினவங்களுக்கு ரெண்டுமே ஒரே அளவு கஷ்டம்தான்னு தெரியும்.

பெர்லினோட பயம் ரெண்டாவது வகை மேலதான். என்னை நானே ஆளணும்னா எனக்குள்ள ஆளற நான் ஒண்ணு, அடங்க வேண்டிய நான் ஒண்ணுன்னு ரெண்டா பிரியுது, ராத்திரி 2 மணி வரைக்கும் ரீல்ஸ் பாக்கறது ஒரு நான், காலைல அதுக்காக வருத்தப்படறது இன்னொரு நான். இது வரைக்கும் ஓகே. அடுத்து எவனாவது வந்து உன் உண்மையான நான் எதுன்னு உன்னைவிட எனக்கு நல்லா தெரியும்னு சொல்வான், கட்சி சொல்லும், மதம் சொல்லும், தலைவர் சொல்வாரு, அங்கதான் கதை கந்தலாகும்னாரு. 20ஆம் நூற்றாண்டு முழுக்க அவர் அதைத்தான் பாத்தாரு, சின்ன வயசுல ரஷ்யப் புரட்சிய பெட்ரோகிராடுல நேர்ல பாத்தவர்.

இப்போ ஜான் ஸ்டூவர்ட் மில், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து தத்துவவாதி. இவரைப் பத்தி கொஞ்சம் நெறையவே சொல்லப் போறேன், ஏன்னா இவர்கிட்டதான் நம்ம விஷயம் பளிச்சுன்னு தெரியும். 1859ல வந்த அவரோட சுதந்திரம் பத்தின புத்தகத்துல ஒரே ஒரு விதி: இன்னொருத்தருக்கு கெடுதல் வராம தடுக்கறதுக்கு மட்டும்தான் ஒருத்தன் மேல அதிகாரத்தை காட்டலாம், அவன் நல்லதுக்குன்னு சொல்லி காட்டக் கூடாது. ஹெல்மெட் விஷயத்துல மில் எந்தப் பக்கம் நிப்பாருன்னு பசங்க எப்பவும் கேப்பாங்க. அவர் ஒரு பாலம் உதாரணம் சொல்லுவாரு, இடிஞ்சி விழப்போற பாலத்துல ஒருத்தன் தெரியாம ஏறப் போறான், எச்சரிக்க நேரம் இல்லன்னா கைய புடிச்சி இழுக்கலாம், தப்பே இல்ல, ஏன்னா ஆத்துல விழணும்னு அவனே ஆசைப்படல. ஆனா ஆபத்து தெரிஞ்சேதான் போறான்னா சொல்லிப் பாக்கலாம், தடுக்கக் கூடாது. மெட்ராஸ் ஹைகோர்ட் 2015 ஜூலைலேருந்து ஹெல்மெட் கட்டாயம்னு சொன்னப்போ என் தலை என் இஷ்டம்னு சண்டை போட்டவங்க எல்லாரும் மில்லோட பேரப்புள்ளைங்கதான், பேரு தெரியலைன்னாலும்.

மில்லுக்கு மனுஷ இயல்புன்றது மாடல் பாத்து செஞ்சி வெச்ச மெஷின் இல்ல, மரம், உள்ள இருக்கற உயிரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் எல்லாம் வளரணும். தேர்ந்தெடுத்து தேர்ந்தெடுத்துதான் தேர்ந்தெடுக்கற திறமையே வரும், கை தசை மாதிரி, உபயோகிக்கலைன்னா சூம்பிப் போயிடும். அதனால சுதந்திரம் குடுத்தா மனுஷன் தாங்குவானான்னு கேக்கறவங்களுக்கு, குடுக்காம எப்படிய்யா தாங்குவான்னு திருப்பிக் கேக்கலாம். நீந்தக் கத்துக்கிட்டு வா, அப்புறம் கெணத்துல எறங்கலாம்னு சொன்னா எப்படி.

இவ்வளவு அழகா சொன்னவர் அதே புத்தகத்துல, முதல் அத்தியாயத்துலயே, இது வளர்ச்சியடையாத சமூகங்களுக்கு பொருந்தாது, காட்டுமிராண்டிகளை முன்னேத்தறதுக்குன்னா சர்வாதிகாரமே நியாயமான ஆட்சி முறைதான்னு எழுதிட்டு போறாரு. யாரைச் சொல்றாருன்னு கேக்கறீங்களா, நம்மளத்தான். 1823லேருந்து 1858 வரைக்கும், அதாவது 35 வருஷம், லண்டன்ல கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து இந்தியாவுக்கு லெட்டர் ட்ராஃப்ட் பண்ணின ஆள். இங்க காலே வெச்சதில்ல. அவங்க அப்பா ஜேம்ஸ் மில்லும் இங்க வராமலே 1817ல இந்தியாவோட வரலாறு எழுதினவர், குடும்ப வழக்கம் போல.

ஆனா 1869ல பெண்களைப் பத்தி எழுதும்போது இதே மனுஷன் என்ன சொல்றாரு தெரியுமா, பெண்களோட இயல்புன்னு இப்போ சொல்லப்படறது முழுக்க முழுக்க செயற்கையான சமாச்சாரம், ஒரு பக்கம் அமுக்கி வெச்சி இன்னொரு பக்கம் ஊதி வளத்ததோட விளைவுன்னு. அடுத்த வீட்டுப் பொண்ணு விஷயத்துல இயல்புன்றது அடிமைத்தனத்தோட விளைவுன்னு புரிஞ்சவருக்கு, மெட்ராஸ்ல இருக்கறவன் விஷயத்துல புரியல. ஏன்னா இந்த தடவை சாவிக்கொத்து அவர் ஆபீஸ் மேஜை மேல இருந்துது.

நான் இத்தனை வருஷம் படிச்சதுல எனக்கு நிக்கற விஷயம் இதுதான். இயல்பிலேயே அவங்க அப்படித்தான்னு ஒருத்தர் சொன்னா, சொல்றவர் கைல சாவி இருக்கான்னு முதல்ல பாருங்க. சில பேர் இயல்பிலேயே அடிமைங்கன்னு அரிஸ்டாட்டில் சொன்னாரு, அவர் வீட்டுல அடிமைங்க இருந்தாங்க. பொம்பளைக்கு படிப்பு ஏறாதுன்னு சொன்னவங்கதான் ஸ்கூலுக்கு அனுப்பாம வெச்சிருந்தாங்க. பொறப்புலயே இன்ன தொழில்னு சொன்னவங்க யாரும் மலம் அள்ளற தொழிலை தங்களுக்கு எடுத்துக்கல. பெரியார் 1925ல ஆரம்பிச்ச இயக்கத்துக்கு சுயமரியாதைன்னு பேரு வெச்சதை இந்த கோணத்துல பாருங்க, சட்டம் போட்டு பூட்டை எடுத்துடலாம், ஆனா நான் இப்படித்தான், என் தலையெழுத்து இவ்வளவுதான்னு ஒருத்தன் உள்ளுக்குள்ள நம்பிட்டா தெறந்த கதவு வழியாவும் அவன் வெளில வரமாட்டான்னு அவருக்கு தெரிஞ்சிருந்துது.

சொந்தக் கதை ஒண்ணு. கல்யாணம் ஆன புதுசுல மேற்கு மாம்பலத்துல மாடி போர்ஷன்ல இருந்தோம். ஹவுஸ் ஓனர் தங்கமான மனுஷன், சத்தியமா. வாடகை பத்து நாள் லேட்டானா கேக்க மாட்டாரு, தண்ணி வராத நாள்ல அவங்க சம்ப்லேருந்து எடுத்துக்க சொல்வாரு, ஒரு தடவை கூட காலி பண்ணுங்கன்னு வாய்ல வந்ததில்ல. ஆனா நாங்க எப்படி இருந்தோம்னு சொல்றேன். சைதாப்பேட்டைல மீன் வாங்கி ஃப்ரெண்டு வீட்டுல போய் சமைச்சி சாப்ட்டு வந்தோம். யாராவது வந்தா படில செருப்பை சத்தமில்லாம கழட்டச் சொல்வோம். அவர் ஒரே ஜோக்கை நாலு வருஷம் சொன்னாரு, நாலு வருஷமும் நானும் என் மனைவியும் சிரிச்சோம். இதுல எதையும் அவர் கேக்கவே இல்ல! ஹாப்ஸைக் கேட்டா தடை ஒண்ணுமே இல்லையே, நீ சுதந்திரமாத்தான் இருந்தேன்னு சொல்லிடுவாரு. பெர்லினோட முதல் வகைப்படியும் அப்படித்தான், யாரும் குறுக்க நிக்கல.

அப்போ எங்களை சிரிக்க வெச்சது எது? ஃபிலிப் பெட்டிட்னு ஒரு அரசியல் தத்துவக்காரர் 1997ல எழுதினதுல இதுக்கு பதில் இருக்கு. பழைய ரோம் நாட்டு ஆளுங்க அடிமைன்னு யாரை சொன்னாங்க, அடி வாங்கறவனை இல்ல, அடிக்கறதா வேணாமான்னு இன்னொருத்தன் முடிவு பண்ற நிலைமைல இருக்கறவனை. எஜமான் ரொம்ப நல்லவனா இருக்கலாம், ஒரு நாளும் கை ஓங்காம இருக்கலாம், அப்பவும் அடிமை அடிமைதான், ஏன்னா அந்த நல்ல குணம் நாளைக்கு மாறினா கேக்க ஆள் இல்ல. அதனால அடிமை எப்பவும் எஜமான் மூஞ்சிய பாத்துக்கிட்டே இருக்கணும், ஜோக்குக்கு சிரிக்கணும். சுதந்திரம்னா குறுக்கீடு இல்லாம இருக்கறது மட்டும் இல்ல, இன்னொருத்தர் இஷ்டத்துக்கு கீழ இல்லாம இருக்கறதுன்றாரு.

இதைப் படிச்சப்போ எனக்கு உடனே அப்பர்தான் ஞாபகம் வந்தாரு. 7ஆம் நூற்றாண்டு, பல்லவ ராஜாகிட்டேருந்து வா, ஆஜராகுன்னு உத்தரவு வருது, வந்தவங்ககிட்ட இவர் பாடினதா சொல்றதுதான் ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’. நாங்க யாருக்கும் குடி இல்ல. அந்த குடின்ற வார்த்தைய பாருங்க, பிரஜைன்னு அர்த்தம், இன்னிக்கும் வாடகை வீட்டுல இருக்கறவங்களை குடித்தனக்காரங்கன்னுதான் சொல்றோம், வாடகைக்கு குடிக்கூலின்னு பேரு. அப்பர் அடிக்காதேன்னு கேக்கல, என் மேல உனக்கு அதிகாரமே கெடையாதுன்றாரு, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனா அடுத்த வரிகள்ல, நான் சங்கரனுக்கு மீளா ஆள்னு வருது, திரும்பி வரவே முடியாத அடிமை. கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டுது, சார் இது முதலாளிய மாத்திக்கறது தானே, இதுல என்ன சுதந்திரம்னு. நியாயமான கேள்விதான். வெளில எதையும் மாத்த முடியாதப்போ உள்ளுக்குள்ள ஒரு கோட்டைய கட்டிக்கிட்டு அதுக்குள்ள ராஜாவா இருக்கறதை பெர்லின் கிண்டல் பண்ணுவாரு, கால்ல புண்ணு ஆறலைன்னா காலையே வெட்டிக்கற வைத்தியம்னு. எபிக்டெடஸ்னு ரோம்ல அடிமையா இருந்த தத்துவவாதி மேல அந்தக் கிண்டல் ஓரளவு செல்லும். அப்பர் மேல செல்லாதுன்னு நெனைக்கிறேன், அவர் கோட்டைக்குள்ள ஒளிஞ்சிக்கல, ராஜாவோட ஆளுங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாரு.

இப்போ அந்த கத்தி பர்ஸ் விஷயத்துக்கு வர்றேன். ஹாப்ஸ் விட்ட எடத்துல பசிய வெச்சிப் பாருங்க. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைலயும் அரிசி ஆலைலயும் அட்வான்ஸ் வாங்கிட்டு வருஷக்கணக்கா மாட்டிக்கிட்ட இருளர் குடும்பங்களை அதிகாரிங்க மீட்டாங்கன்னு அப்பப்போ பேப்பர்ல வருது, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்தாச்சு, இன்னும் வருது. முதலாளிய கேட்டா அவங்களா வந்தாங்க, அவங்களா கைநாட்டு வெச்சாங்கன்னுவாரு. பொய்னு கூட சொல்ல முடியாது. 1982ல டெல்லி ஆசிய விளையாட்டுக்கு கட்டடம் கட்டின தொழிலாளிங்க வழக்குல நீதிபதி பகவதி இதுக்கு ஒரு பதில் எழுதினாரு, கட்டாயம்னா துப்பாக்கியும் சட்டமும் மட்டும் இல்ல, பசியும் வறுமையும் கூட கட்டாயம்தான், வேற வழியே இல்லாம குறைஞ்சபட்ச கூலிக்கும் கீழ ஒருத்தன் வேலை செஞ்சா அது அரசியல் சட்டம் 23ஆவது பிரிவு தடை பண்ணின கட்டாய உழைப்புன்னு. தத்துவ புத்தகத்துல நானூறு பக்கம் இழுக்கற விஷயத்தை ஒரு தீர்ப்புல முடிச்சிட்டாரு மனுஷன். அமர்த்தியா சென்னும் சின்ன வயசுல பாத்த ஒண்ணை சொல்லுவாரு, 1944 டாக்கா கலவரத்துல காதர் மியான்னு ஒரு முஸ்லிம் கூலித் தொழிலாளி கத்திக்குத்து வாங்கி அவங்க வீட்டு வாசல்ல வந்து விழுந்தாரு, கலவரப் பகுதிக்கு போகாதேன்னு பொண்டாட்டி சொல்லியும் வீட்டுல சாப்பாட்டுக்கு இல்லாததால வேலை தேடி வந்தவர், ஆஸ்பத்திரில செத்துட்டாரு. அவரை யாரும் தடுக்கல, போறதுக்கு முழு சுதந்திரம் இருந்துது, போகாம இருக்கறதுக்குதான் இல்ல.

இந்த நாட்டோட சட்டம் மனுஷனை எப்படிப் பாக்குதுன்னும் ஒரு வார்த்தை. அம்பேத்கர் 1949 நவம்பர் 25 பேச்சுல சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூணையும் பிரிக்க முடியாது, சமத்துவம் இல்லாத சுதந்திரம் சில பேர் பல பேர் மேல ஏறி உக்கார்றதுலதான் முடியும்னாரு. மனுஷன் நல்லவன்னு நம்பி எழுதின சட்டம் இல்ல அது, கெட்டவன்னு முடிவு கட்டி எழுதினதும் இல்ல, ஆளறவனையும் சேத்து சந்தேகப்படற சட்டம். அதுக்கு முதல் சோதனையே நம்ம ஊர் பேர்லதான் வந்துது, கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம், 1950. ஏ.கே. கோபாலன் கம்யூனிஸ்ட் தலைவர், 1947 டிசம்பர்லேருந்து உள்ள இருந்தவர், விசாரணை இல்லாம அடைச்சி வெக்கறது என் சுதந்திரத்தை பறிக்கலையான்னு கேட்டாரு. பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டு அதன்படி அடைச்சா சரிதான்னு பெரும்பான்மை நீதிபதிங்க சொல்லிட்டாங்க, நீதிபதி ஃபசல் அலி ஒத்துக்கல, சட்டம்னு ஒண்ணு இருந்தா மட்டும் போதாது, அடைக்கற முறையும் நியாயமா இருக்கணும்னாரு. அவர் சொன்னது நியாயம்னு கோர்ட் முழுசா வந்து சேர்றதுக்கு 1978 மேனகா காந்தி வழக்கு வரைக்கும் ஆச்சு. அதே 1950ல பம்பாய் பத்திரிகை ஒண்ணை மெட்ராஸ் அரசாங்கம் உள்ள விடாம தடுத்ததை சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிச்சு, அடுத்த வருஷமே முதல் திருத்தம் கொண்டு வந்து பேச்சுரிமைக்கு புதுசா வேலி போட்டாங்க. வேலி போட்டவங்க எல்லாம் சுதந்திரத்துக்காக ஜெயிலுக்கு போனவங்கதான், சாவி கைக்கு வந்ததும்... சரி விடுங்க, அதை ஏற்கனவே சொல்லிட்டேன்.

சுதந்திரமான சித்தம்னு ஒண்ணு இருக்கா, எல்லாம் மூளையோட வேலை தானேன்னும் கேட்டிருந்தீங்க. அது தனிக் கடல், இங்க எறங்கினா கரை ஏற முடியாது. 17ஆம் நூற்றாண்டு டச்சு தத்துவவாதி ஸ்பினோசா சொன்னதை மட்டும் சொல்றேன், எறிஞ்ச கல்லுக்கு நடுவழில நினைவு வந்தா தன் இஷ்டத்துக்குத்தான் பறக்கறதா நெனைச்சிக்கும்னு. இருக்கலாம். ஆனா கல்லுக்கு இன்னொரு கல்லைப் பாத்து மனசு மாறாது, மனுஷனுக்கு மாறும்.

இதுக்கு ஒரு ஆதாரமும் இருக்கு. ஸ்டான்லி மில்கிராம்னு அமெரிக்காவுல ஒருத்தர் 1961ல ஆரம்பிச்ச பரிசோதனை, பக்கத்து ரூம்ல இருக்கறவனுக்கு ஷாக் குடுன்னு கோட்டு போட்ட ஆள் சொல்வாரு, ஷாக் நெஜம் இல்ல, ஆனா குடுக்கறவங்களுக்கு அது தெரியாது. அதுல ரொம்ப பேசப்பட்ட ஒரு சுத்துல 40 பேர்ல 26 பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. இதைச் சொல்லி மனுஷ இயல்பு பாத்தியான்னு எல்லாரும் முடிச்சிடுவாங்க. இன்னொரு சுத்தைப் பத்தி பேசமாட்டாங்க, அதுல கூட ரெண்டு பேரை உக்கார வெச்சி, நடுவுல அவங்க முடியாதுன்னு எழுந்துக்கற மாதிரி செட்டப் பண்ணாங்க, அப்போ 40 பேர்ல 4 பேர்தான் கடைசி வரைக்கும் போனாங்க. அதே மாதிரி மனுஷங்கதான், பக்கத்து நாற்காலி மட்டும்தான் மாறிச்சு.

உங்க கேள்விய படிச்ச அன்னிக்கு ராத்திரி வேணும்னே மத்திய கைலாஷ் வழியா வந்தேன், பத்தே முக்கால் இருக்கும், போலீஸ் இல்ல, சிவப்பு. கோட்டுக்கு பின்னாடி ஸ்கூட்டர நிறுத்தினேன். பின்னாடி ஒரு கார் ஹாரன் அடிச்சிது, அப்புறம் அதுவும் நின்னுது. பக்கத்துல சாப்பாட்டு பை மாட்டின டெலிவரி பையன் ஒருத்தன், என்னைப் பாத்தான், நின்னான். ரெண்டு தடவை போனைப் பாத்தான், அதுல நிமிஷம் ஓடிட்டிருந்துது. சிக்னல்ல 8 செகண்ட் பாக்கி இருக்கும்போது கெளம்பிட்டான். அந்த 8 செகண்டை அவன் இயல்புக் கணக்குல எழுதறதா, போன்ல ஓடின நிமிஷத்து கணக்குல எழுதறதான்னு நீங்க சொல்லுங்க தம்பி.